மயிலுக்குள் ஒரு மரம்: மரத் திருமேனிகளைப் பற்றி ஒரு தொடக்கப் பாடம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் ஒரு காலத்தில் பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, நடுவே இருந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. செம்பனையும் பாதி போய்த் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகள் வந்தன. கோயிலும் மூட்டை கட்டிக்கொண்டு பட்டணத்து ஓரத்துக்குக் குடிவந்தது. அப்படி லாரியில் ஏறி வந்த சாமான்களில் ஒன்றுதான் மர மயில். முருகன் உலாப் போகும் வாகனம். ஆண்டு முழுவதும் வாகன அறையின் இருட்டில் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். பங்குனி உத்திரத்தன்று மட்டும் வெளிச்சத்தைப் பார்க்கும்.

இந்த ஆண்டு உத்திரத்துக்கு இரண்டு வாரம் முன்பு, துடைத்து வைக்கலாம் என்று அதை நகர்த்தியபோது இடது கால் மளுக்கென்று முறிந்தது. முறிந்த இடத்திலிருந்து ரவை போலப் பொடி கொட்டியது. ஞாயிற்றுக்கிழமைத் தேவார வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி குனிந்து அந்தப் பொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “டீச்சர், சாமி உளுத்துப் போகுமா?” என்று கேட்டாள்.

பக்கத்தில் இருந்த பெரியவர்கள் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அவள் வாயை அடைக்கப் பார்த்தார்கள். எனக்கோ, மரத் திருமேனிகளைப் பற்றிப் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது என்று பட்டது. அன்று அவளிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மரத்தில் செதுக்கிய எல்லாமே சாமி சிலை ஆகிவிடாது. கருவறையில் அசையாமல் இருப்பவர் மூலவர். திருவிழாவில் வெளியே எழுந்தருள்பவர் உற்சவர். அவர் பெரும்பாலும் பஞ்சலோகம். அவர் ஏறும் மயில், ரிஷபம், சிங்கம், குதிரை எல்லாம் வாகனங்கள். இவை மரத்தில் இருப்பதற்குக் காரணம் எளியது: தோளில் சுமக்க வேண்டும், கல்லைச் சுமக்க முடியாது. தேரைச் சுற்றி அடுக்கடுக்காக இருப்பவை தேர்ச் சிற்பங்கள். புராணக் கதைகளைப் பலகை பலகையாகச் சொல்பவை. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் பெயர்போன ஊர்களில் ஒன்று பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர்; அதன் மரச் சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆக, வாகனத்தின் கால் முறிந்தால் சாமிக்கு ஊனம் வந்துவிட்டதாக யாரும் அலற வேண்டியதில்லை. ஆனாலும் சிறுமியின் கேள்வி அப்படியே நிற்கிறது. ஏனென்றால், மரத்தாலேயே ஆன மூலவர்களும் இருக்கிறார்கள்.

கல் வாங்க வசதியில்லாதவர்கள்தான் மரத்தில் சாமி செய்தார்கள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாகவத புராணம் இறைவனின் திருமேனிக்கு எட்டு வகைப் பொருள்களைச் சொல்கிறது: கல், மரம், உலோகம், சாந்து, ஓவியம், மணல், மனம், மணி. கல்லுக்கு அடுத்த இடமே மரத்துக்குத்தான். பூரி ஜகந்நாதர் வேப்பமரம். காஞ்சிபுரத்து அத்தி வரதர், பெயரிலேயே இருக்கிறது, அத்திமரம். திருக்கோவிலூரில் காலைத் தூக்கி உலகளந்து நிற்கும் பெருமாளும் மரத் திருமேனிதான். இவை ஏழைக் கோயில்கள் அல்ல. (அந்த எட்டில் மனமும் ஒன்று என்பதைக் கவனித்தீர்களா? பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அதுதான். மனத்தில் செய்யும் சாமிக்கு உளி வேண்டாம், செலவும் இல்லை.)

சரி, எந்த மரமும் சாமி ஆகுமா? ஆகாது. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், தமது பிருகத் சம்ஹிதையில் திருமேனிக்கு மரம் தேடிக் காட்டுக்குள் போவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அதில் எந்த மரம் வேண்டும் என்பதைவிட எந்த மரம் வேண்டாம் என்ற பட்டியல்தான் சுவையானது. சுடுகாட்டு மரம் வேண்டாம், வழியோர மரம் வேண்டாம், புற்றின் மேல் முளைத்தது வேண்டாம். இடி விழுந்தது, காற்றில் சாய்ந்தது, யானை முறித்தது, தீயில் கருகியது, தேன்கூடு கட்டியது, கொடி சுற்றி நெரித்தது எதுவும் வேண்டாம். அந்தப் பட்டியலில் என்னை நிறுத்திய சொல் இன்னொன்று: குடத்தால் நீர் ஊற்றி வளர்த்த மரமும் கூடாது. மனிதன் வளர்த்தது வேண்டாம். வானம் பார்த்துத் தானாக வளர்ந்தது வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்குப் பால்மரம்தான் நினைவுக்கு வந்தது. 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளிலிருந்து பேராக்கில் தொடங்கிய கதை. நாற்றங்காலில் நீர் ஊற்றி, வரிசை பிடித்து, எண் போட்டு வளர்த்த மரம். நம் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது. ஆனாலும் வராகமிகிரர் கணக்கில் அது திருமேனிக்குத் தேறாது! தச்சர் கணக்கிலும் தேறாது என்பதுதான் வேடிக்கை. பால்மரக் கட்டையை வெட்டிய சில நாளுக்குள் மருந்தேற்றாவிட்டால் பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். நாற்காலி மேசைக்கு நல்ல மரம். சாமிக்கு ஆயுள் போதாது.

மரத்தைத் தேர்ந்த பிறகும் உடனே கோடரியைத் தூக்கிவிடக் கூடாது. முதல் நாள் இரவு மரத்துக்குப் படையல் வைத்துப் பூசை செய்ய வேண்டும். இந்தத் தெய்வத்துக்காக உன்னைத் தேர்ந்திருக்கிறோம் என்று மரத்திடமே சொல்ல வேண்டும். அதில் குடியிருக்கும் உயிர்களிடம், இந்தப் படையலை ஏற்றுக்கொண்டு வேறிடம் போங்கள், எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வேண்ட வேண்டும். மறுநாள் காலையில் மரத்துக்கு நீர் தெளித்து, தேனும் நெய்யும் தடவிய கோடரியால் வடகிழக்கிலிருந்து முதல் வெட்டு. மரத்தில் எது கிழக்கு, எது மேற்கு, எது தலை, எது அடி என்று முன்பே அடையாளம் இட்டுவிட வேண்டும். மரம் காட்டில் எப்படி நின்றதோ அப்படியே திருமேனியும் நிற்க வேண்டும், தலைகீழாகிவிடக் கூடாது. தோட்டத்து முனீஸ்வரருக்கு ஏன் மரத்தடியே கோயிலாகப் போதும் என்பதற்கும் இதில் ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றும். நம் ஆட்களுக்கு மரம் என்பது வெறும் பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை.

இனிச் செதுக்கும் வேலை. கல்லுக்கு எல்லாப் பக்கமும் ஒன்று என்றால், மரத்துக்கு நாரோட்டம் என்று ஒரு போக்கு இருக்கிறது. நார் போகும் திசையில் நீளமாகச் செதுக்கினால் மெல்லிய விரலும் நிற்கும்; நாரைக் குறுக்கே வெட்டிவிட்டால் கெட்டியான கால்கூட ஒரு நாள் முறியும். எங்கள் மயிலுக்கு நடந்தது அதுதான். உடலுக்கு எடுத்த கட்டையிலேயே முன்னோக்கி வளைந்த காலையும் எடுத்திருக்கிறார்கள். வளைவில் நார் குறுக்கே ஓடிவிட்டது. அந்தப் பலவீனத்தைப் பார்த்து வண்டும் உள்ளே புகுந்திருக்கிறது. மரத் தெய்வங்களின் கைகள் உடலோடு ஒட்டியே இருப்பதையும், தூக்கிய கைகள் தனியாகச் செய்து பொருத்தப்பட்டிருப்பதையும் பல இடங்களில் பார்ப்பீர்கள். அது அழகுக்காக மட்டும் எடுத்த முடிவாக இராது.

அளவு என்பது தச்சர் விருப்பம் அல்ல, அதற்குத் தாளம் என்று ஒரு கணக்கு. ஏறத்தாழ ஒரு முக நீளம் ஒரு தாளம்; ஒரு தாளம் 12 அங்குலம். இந்த அங்குலம் பள்ளிக்கூட அடிக்கோலில் உள்ளதல்ல. சிலையின் உயரத்தையே பங்கு போட்டுக் கிடைக்கும் அளவு. ஆகவே சாண் உயரச் சிலைக்கும் ஆள் உயரச் சிலைக்கும் கணக்கு ஒன்றுதான். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாளம், அதாவது 124 பங்கு. பிள்ளையாருக்குப் பஞ்ச தாளம் என்பார்கள். தலை பெரிது, உடல் குள்ளம், குழந்தையின் அளவு. பிள்ளையாரைப் பார்த்ததும் பயம் வராமல் சிரிப்பு வருவதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஒரு திருமேனியை எப்படிப் பார்ப்பது? முகத்திலிருந்து தொடங்காதீர்கள், கைகளிலிருந்து தொடங்குங்கள். முகம் எல்லாருக்கும் அமைதியாகவே இருக்கும். யார், என்ன சொல்கிறார் என்பதைக் கைகள்தான் சொல்லும். உள்ளங்கையைக் காட்டி விரல்கள் மேல்நோக்கி இருந்தால் அபயம், அஞ்சாதே என்பது. விரல்கள் கீழ்நோக்கி இருந்தால் வரதம், கேள் தருகிறேன் என்பது. பின்கைகளில் கருவிகள் இருக்கும். பிள்ளையாருக்கு ஒரு கையில் பாசக்கயிறு, இன்னொன்றில் அங்குசம். இரண்டும் யானைப் பாகனின் கருவிகள். யானைமுகத்தவரே பாகனும் ஆகிறார். முன்கைகளில் ஒடித்த தந்தமும் மோதகமும். துதிக்கையை ஐந்தாவது கையாக எண்ணி, ஐந்து கைகளும் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழில் என்று சைவர்கள் சொல்வார்கள். மோதகக் கை அருளல். குழந்தைகள் ஏற்கெனவே அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாரியம்மனுக்கு உடுக்கை, சூலம், பாசம், குங்குமக் கிண்ணமாகிவிட்ட கபாலம். தலைக்குப் பின்னால் எரியும் தீப்பிழம்பு. சூலத்தின் மூன்று முனைகளை இச்சை, ஞானம், கிரியை என்பார்கள். இவற்றை நம் தோட்டத்துப் பாட்டிகள் படித்ததில்லை. ஆனால் சிலையே இல்லாத நாளில் ஒரு சூலத்தை நட்டு, வேப்பிலையைச் சாத்தி, அம்மன் வந்துவிட்டாள் என்று கும்பிடத் தெரிந்திருந்தார்கள்.

மயில் வாகனத்தின் பொருள்தான் எனக்கு எப்போதும் வியப்பு. கந்த புராணக் கதை நினைவிருக்கிறதா? சூரபன்மன் கடைசியில் கடல் நடுவே மாமரமாக நின்றான். முருகனின் வேல் அந்த மரத்தை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி சேவல், ஒரு பாதி மயில். சேவல் கொடியாயிற்று, மயில் வாகனமாயிற்று. அதாவது மயில் முதலில் மரம். மரத்தை வேல் பிளக்க மயில் வந்தது. அதே மாதிரி மரத்தை உளி பிளக்க வாகனம் வருகிறது. எதிரியைக் கொல்லாமல் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்ட கதையை, இதைவிடப் பொருத்தமான பொருளில் சொல்ல முடியாது. மயிலின் காலடியில் பாம்பு இருந்தால் அதையும் பாருங்கள். ஆணவம் என்பார்கள், காலம் என்பாரும் உண்டு.

இவ்வளவும் செதுக்கி முடித்த பின்னும் அது கட்டைதான். ஸ்தபதி கடைசியாகக் கண்ணைத் திறந்து, பிறகு கும்ப நீரிலிருந்து இறைவனை உருவில் எழுந்தருளச் செய்தபின்தான் அது திருமேனி. இது போகவும் வரவும் கூடிய ஒரு குடியிருப்பு என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். கும்பாபிஷேகத்துக்கு முன் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்வார்களே, அப்போது மூலவரின் சக்தியை அத்திமரப் பலகையில் வரைந்த உருவத்துக்கு மாற்றி, வேலை முடியும்வரை அந்தப் பலகைக்கே பூசை நடக்கும் வழக்கம் உண்டு. கருங்கல் மூலவர் வீற்றிருக்கும் கோயிலிலும் சில மாதங்களுக்குச் சாமி மரத்தில்தான் குடியிருக்கிறார்!

மரத் திருமேனிக்குப் பாலும் நீரும் ஊற்றி அபிஷேகம் செய்வதில்லை. தைலக்காப்பு, அதாவது தைலப் பூச்சு, சாத்துவார்கள், அபிஷேகமெல்லாம் உற்சவருக்கு. காரணம் தச்சரைக் கேட்டாலே தெரியும். மரத்தைக் கெடுப்பது நீர் மட்டுமல்ல, நீரும் காற்றும் மாறி மாறி வருவது. முழுக்கக் காய்ந்திருந்தால் நிற்கும். காற்றுப் புகாமல் முழுக்க நீருக்குள் கிடந்தாலும் நெடுநாள் நிற்கும். அத்தி வரதரை நினைத்துக்கொள்ளுங்கள். அனந்தசரஸ் குளத்து நீருக்குள் 40 ஆண்டு பள்ளிகொண்டிருந்து, 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் வெளியே காட்சி தந்தார். முதல் ஒரு மாதம் கிடந்த கோலம், பிறகு நின்ற கோலம். அதற்கு முன் 1979. இனி 2059. இன்று வகுப்பில் இருக்கும் ஒன்பது வயதுக்காரி அப்போது நாற்பதைத் தாண்டியிருப்பாள் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னதும் அவள் மிரண்டுபோனாள்.

ஆனால் உளுத்தே போனால்? இதற்கு நேரடி விடை பூரியில் இருக்கிறது. ஆஷாட மாதம் இரட்டிப்பாக வரும் ஆண்டுகளில் அங்கே ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை, சுதர்சனம் நால்வருக்கும் புது உடல் செய்கிறார்கள். நவகளேவரம் என்று பெயர். 1977, 1996, 2015 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. புது வேப்பமரங்களைத் தேடிப் போகிறார்கள். அந்த மரம் சுடுகாட்டுக்கும் நீர்நிலைக்கும் அருகில் இருக்க வேண்டும், அடியில் பாம்புப் புற்று இருக்க வேண்டும் என்பது அங்குள்ள மரபு. வராகமிகிரர் தள்ளிய சுடுகாடும் புற்றும் அங்கே தகுதிச் சான்று! சாத்திரத்துக்கு ஒரே வாய் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பழைய உடலுக்குள் இருக்கும் பிரம்மப் பொருளை இரவில், கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் துணி சுற்றிய முதிய சேவகர்கள் புது உடலுக்கு மாற்றுகிறார்கள். பழைய உடல்களைக் கோயில் வளாகத்திலேயே புதைத்து, வீட்டில் சாவு விழுந்ததுபோலத் துக்கம் காக்கிறார்கள். சாமி உளுத்துப் போகாது. சாமியின் உடல் உளுத்துப் போகும், அதற்கென்று நாளும் முறையும் இருக்கின்றன என்று சிறுமிக்குச் சொன்னேன்.

அக்கினி புராணத்தில் வேறொரு முறை இருக்கிறது. பழுதுபட்ட கல் திருமேனியை நீரில் இட வேண்டும்; மரத் திருமேனியைத் தீயில் இட வேண்டும். கேட்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் “விறகில் தீயினன்” என்று அப்பர் பாடியதை வாராவாரம் பாடும் பிள்ளைகளுக்கு அது அதிர்ச்சியாக இல்லை. விறகுக்குள் இருந்த தீ வெளியே வருகிறது, அவ்வளவுதான் என்றான் ஒரு பையன்.

திருமூலர் இதையெல்லாம் நான்கே வரியில் முடித்துவிட்டார்.

“மரத்தை மறைத்தது மாமத யானை
மரத்தில் மறைந்தது மாமத யானை
பரத்தை மறைத்தது பார்முதல் பூதம்
பரத்தில் மறைந்தது பார்முதல் பூதம்”

மர யானையைப் பார்க்கும் குழந்தைக்கு யானைதான் தெரியும், மரம் மறைந்துவிடும். தச்சருக்கு மரம் தெரியும், யானை மறைந்துவிடும். உலகத்தைப் பார்த்தால் பரம்பொருள் மறைகிறது. பரம்பொருளைப் பார்த்தால் உலகம் மறைகிறது. இந்தப் பாட்டைப் பலமுறை பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். முறிந்த காலை நடுவில் வைத்துக்கொண்டு சொன்ன அன்றுதான் பிள்ளைகள் கொட்டாவி விடாமல் கேட்டார்கள்.

வீட்டில் மரச் சிலை வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும் தொட்டுவிடுகிறேன். மலிவு டிக்கெட்டில் பாலிக்குப் போய்வந்த எவர் வீட்டிலும் இப்போது ஒரு மரப் பிள்ளையார் இருக்கிறார்; உபுட் அருகே மாஸ் என்ற கிராமம் மரச் சிற்பத்துக்கே பெயர்போனது. நம் பிள்ளையார் போல இல்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம். ஜாவாவின் பழைய பிள்ளையார்கள் இரண்டு உள்ளங்காலையும் ஒட்ட வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பக்கத்துக்கு அது மரபு. பூசை அறையில் வைப்பதா, வரவேற்பறையில் வைப்பதா என்பது உங்கள் மனத்தைப் பொறுத்தது. எட்டில் ஒன்று மனம் என்று பார்த்தோமே. காலணி கழற்றும் இடத்தில் மட்டும் வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்குக் குளியலறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுங்கள். அடியில் ரவை போலப் பொடி விழுந்தால் வண்டு இருக்கிறது என்று பொருள். அருங்காட்சியகங்களில் அப்படிப்பட்ட பொருள்களை இறுகக் கட்டி உறைகுளிரில் சில நாள் வைத்துப் பூச்சியைக் கொல்வார்கள். பிள்ளையாரை ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைக்க எந்த அம்மா சம்மதிப்பார் என்பதுதான் சிக்கல்.

எங்கள் மயிலுக்கு வைத்தியம் பார்க்க ஓர் ஆசாரித் தாத்தா வந்தார். ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் எனும் வரிசை வீடுகளுக்குக் கதவு, ஜன்னல் செய்தவர். உளுத்த பகுதியை நல்ல மரம் தெரியும்வரை வெட்டித் தள்ளினார். துளைகளில் மரத்தூளைப் பசையோடு குழைத்து அடைத்தார். புதுக் காலுக்காகத் தம் வீட்டுக்குப் பின்னாலிருந்து வைரம் பாய்ந்த பலாக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நார் காலின் வளைவோடு சேர்ந்து வளையும் இடத்தைப் பென்சிலால் குறித்தார்.

சிறுமி அருகில் போய் உட்கார்ந்தாள்.

“தாத்தா, இந்த மரத்துக்கு யாராவது குடத்தில் தண்ணீர் ஊற்றினார்களா?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது போல. பிறகு யோசித்துவிட்டு, “யாரும் நடவே இல்லை, அம்மா. கொட்டையைத் துப்பினோம், முளைத்தது. மழைதான் ஊற்றியது” என்றார்.

அவள் தலையை ஆட்டிச் சம்மதம் தெரிவித்தாள். அதன் பிறகுதான் அவர் உளியை எடுத்தார். வண்ணம் அடிக்க நேரம் கிடைக்கவில்லை. உத்திரத்தன்று மயில் ஒரு மஞ்சள் காலோடு வீதிக்கு வந்தது.